அடியை வெட்டிய கணக்கு!



நெல் விலையை எங்கேயோ உயர்த்திவிட்டதாகத் தட்டி வைத்திருக்கிறார்கள். அதில் இரண்டு பட்டை. 2014-15 என்று ஒரு குட்டைப் பட்டை. 2025-26 என்று பனைமரம் போல இன்னொரு பட்டை. பார்த்தவர்கள், "அடேயப்பா, இவ்வளவு ஏறிப்போச்சா?" என்று வாயைப் பிளந்தார்கள். நாமும் பார்த்தோம். கிட்டே போய்ப் பார்த்தோம்.

அடிக்கோட்டில் பூஜ்யம் இல்லை. பொடி எழுத்தில் 1300 என்று இருக்கிறது!

சாதா ரக நெல்லுக்குக் குவிண்டால் ஆதரவு விலை 2014-15ல் 1360 ரூபாய். 2025-26ல் 2369 ரூபாய். இரண்டும் உண்மைதான். ஆனால் 1300க்கு மேலே இருப்பதை மட்டும் வரைந்தால் ஒன்று 60, இன்னொன்று 1069. கண்ணுக்கு 18 மடங்காகத் தெரியும். நிஜத்தில் இரண்டு மடங்கு கூட இல்லை. 11 வருஷத்தில் 74 சதம்தான். மதிலுக்குப் பின்னால் நிற்கும் அப்பனையும் மகனையும், வெளியே தெரியும் தலையை மட்டும் அளந்து, மகன் பத்து மடங்கு உயரம் என்றால் ஒத்துக்கொள்வோமா? என்னய்யா கணக்கு இது?

நாமே வரைவோம்!

பிள்ளைகளின் ஸ்கேலை எடுங்கள். 100 ரூபாய்க்கு ஒரு சென்டிமீட்டர். பூஜ்யத்தில் தொடங்குங்கள். 1360க்கு 13.6 சென்டிமீட்டர். 2369க்கு 23.7. பனைமரம் எங்கே போச்சு?

அதோடு விடாதீர்கள். தட்டியில் இல்லாத பட்டையையும் போடுங்கள். அதுதான் செலவு. விதை, உரம், கூலி, டீசல், வீட்டார் உழைப்பு சேர்த்து மத்திய அரசு காட்டிய செலவு 1579. அதில் ஒன்றரை மடங்குதான் 2369. சொந்த நிலத்துக்கான வாடகையும் போட்ட முதலுக்கான வட்டியும் சேர்ந்த 'சி2' என்ற முழுச் செலவு 2090. அதற்கு 20.9 சென்டிமீட்டர். அப்படியானால் விலைக்கும் முழுச் செலவுக்கும் இடைவெளி மூன்று விரல்கடை கூட இல்லை!

உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது 50 சதம் கொடு என்று சுவாமிநாதன் ஆணையம் 2006லேயே சொன்னது. முழுச் செலவுக்கு அதைக் கணக்குப் போட்டால் 3135 ரூபாய். பட்டை 31 சென்டிமீட்டரைத் தாண்டும். "மாநில ஊக்கத்தொகை இருக்கிறதே" என்பார்கள். 131 ரூபாய் சேர்த்தாலும் 2500தான். மிச்சம் 635 ரூபாய் யார் வீட்டுக்குப் போகிறது?

படம் படிக்கத் தெரியாதவன் என்று நம்மை நினைக்கிறார்கள். களத்துமேட்டில் தூசி தும்பு வரைக்கும் கணக்குப் பார்க்கிறவன் விவசாயி!

நமது கோரிக்கைகள்:

1. விலையைப் படம் போட்டுக் காட்டினால் அடிக்கோடு பூஜ்யத்தில் தொடங்க வேண்டும்.
2. விலைப் பட்டைக்குப் பக்கத்திலேயே முழுச் செலவுப் பட்டையும் இருக்க வேண்டும்.
3. முழுச் செலவோடு 50 சதம் சேர்த்த விலையைச் சட்டமாக்க வேண்டும்.

ஒவ்வொரு ஊர்ச் சாவடிச் சுவரிலும் காவியால் இந்தப் பட்டைகளை வரையுங்கள். ஒவ்வொரு குடும்பமும் உழவு தொடங்கி அறுப்பு வரை ஆகும் செலவை நோட்டில் எழுதுங்கள். அடுத்த முறை அதிகாரி வந்தால் அந்தச் சுவருக்கு முன்னால் நிற்க வைத்துப் பேசுவோம்!

உழுதவன் கணக்கை உழுதவனே எழுதுவான்!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்!

இப்படிக்கு,
விவசாயிகள் சங்கம்