விளையாட்டு வகுப்பைத் தாருங்கள்!

"சுவர் இருந்தால்தான் சித்திரம்" என்பர் பெரியோர். அச்சுவரை ஓசையின்றி அரிக்கும் கறையான் நீரிழிவு நோய். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு ஒன்று 2023-இல் வெளிவந்தது. அதன்படி நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு. மேலும் 13 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கின்றனர்.

இது பட்டணத்து நோய், திருவக்கரைக்கு வராது என எண்ணுவது பேதைமை. திண்டிவனத்திற்கு அப்பால் சூணாம்பேட்டைச் சுற்றிய 42 கிராமங்களுக்குச் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் மருத்துவ வண்டியையே அனுப்பியது. வயது வந்தோரில் நூற்றுக்கு 86 பேர் சோதிக்கப்பட்டனர். நோயாளிகளின் கண்கள் படமெடுக்கப்பட்டு, செயற்கைக்கோள் வழியே சென்னை மருத்துவர்களுக்குச் சென்றன. கிராமத்திலும் நோய் உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இதற்கு வழியும் உண்டு. டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர், நோயின் வாசலில் நின்ற 531 பேரை ஆராய்ந்து 2006-இல் முடிவை வெளியிட்டனர். நடையும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டோருக்கு நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 28 பங்கு குறைந்தது. மாத்திரை உண்டோருக்கும் ஏறக்குறைய அவ்வளவே பலன்!

நாம் செய்வதென்ன? தேர்வு நெருங்கினால் விளையாட்டு வகுப்பில் கணக்குப் போடுகிறோம். மாலையில் ஆடப் புறப்பட்டால், "வயதுக்கு வந்த பெண்ணுக்கு ஓட்டம் எதற்கு?" என்கின்றனர் வீட்டில். கணக்கும் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் போடும் உடலும் வேண்டுமல்லவா?

மதிப்பிற்குரிய சகோதரிகளே, அன்புப் பெற்றோரே! வாரத்தில் அந்த வகுப்புகளை எங்களுக்கே விட்டுவிடுங்கள். எங்கள் அன்னையரும் மாலையில் அரைமணி நேரம் எங்களுடன் நடக்கட்டும். திருவக்கரையில் மரங்கள் கல்லானது போதும். அமர்ந்தே நாமும் கல்லாக வேண்டாம்!