ஒட்டுப்போர்வை தைக்கப் பழகுவது கடினமா?

தையல் பயிற்சி பற்றிப் பேச்செடுக்கும் போதெல்லாம் எமது தாய்மார் கேட்கும் கேள்வி இது. கேள்விக்குப் பின்னால் வேறோர் எண்ணமும் ஒளிந்திருக்கிறது. "நாங்கள் மண்வெட்டி பிடித்த ஆட்கள். எங்களுக்கு இதெல்லாம் சரிவராது" என்பதே அது. இதற்கு மழுப்பாமல் விடை கூறுவது அவசியம். கடினம் என்று எண்ணி விலகி நிற்பவர்களும் நட்டமடைகின்றனர். மிக இலகு என்று நம்பி இறங்கிப் பின்னர் மனம் உடைபவர்களும் நட்டமடைகின்றனர்.

எனது கருத்து இதுதான். தொடங்குவது கடினமன்று. நேர்த்தியாகச் செய்வதற்குக் காலம் வேண்டும். விற்று வாழ்வதே உண்மையில் கடினம். இம்மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதனாலேயே தொழில் முழுவதும் கடினமானது என்ற எண்ணம் பிறக்கிறது.

முதலில் தொழிலைப் பார்ப்போம். மேல்நாட்டார் 'குயில்ட்' என்று அழைக்கும் போர்வை மூன்று படைகளைக் கொண்டது. மேலே, துண்டுத் துணிகளைப் பொருத்தித் தைத்த முகப்பு. நடுவே பஞ்சு. கீழே ஒரு முழுத்துணி. மூன்றையும் ஊடுருவிச் செல்லும் தையல், படைகள் விலகாமலும், துவைக்கும்போது பஞ்சு ஓரிடத்தில் திரளாமலும் காக்கிறது. அந்தத் தையல் ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிச் செல்லும் சாதாரண நூலோட்டமே. கிழிந்த சாரத்தைத் தைத்தவருக்கும், நெல் மூட்டையின் வாயைத் தைத்தவருக்கும் அது புதிதன்று.

பஞ்சு இல்லாமலும் தைக்கலாம். வங்காளத்துக் கிராமத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் 'காந்தா' இதற்குச் சான்று. பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலைக் கொண்டே நூலோட்டம் போடுவார்கள். வெப்பமான எமது நாட்டுக்கு இம்முறையே ஏற்றது. தொடங்குவதற்குத் தையல் மெசின் வேண்டியதில்லை. ஊசி, நூல், கத்தரிக்கோல், ஓர் அடிமட்டம், வீட்டிலுள்ள பழந்துணி ஆகியவை போதும்.

புதிதாகப் பழகுபவர் முழுக் கட்டிலுக்குப் போர்வை தைக்க முற்படக்கூடாது. குழந்தையைக் கிடத்தும் விரிப்பு ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். துணியை முதலில் துவைத்துக் காயவைக்க வேண்டும். சுருங்குவது அப்போதே சுருங்கும். சாயம் போவதும் அப்போதே தெரியும். அட்டையில் ஒரு சதுரம் வெட்டி, அதை அளவாக வைத்து ஒன்பது துண்டுகள் வெட்டுங்கள். மூன்று மூன்றாக இணைத்து மூன்று வரிசை. பின் வரிசைகளை இணைத்தால் ஒரு கட்டம். இத்தகைய கட்டங்கள் சிலவற்றைச் சேர்த்தால் முகப்பு ஆயிற்று. இரண்டாவது கட்டத்தைத் தைக்கும்போதே கைக்கு வழி தெரிந்துவிடும்.

அப்படியானால் கடினம் எங்கே? அளவில் இருக்கிறது. இணைக்கும்போது ஓரத்தில் கால் அங்குலம் விட்டுத் தைப்பது வழக்கம். ஒரு வரிசையில் ஒன்பது துண்டுகள் இருந்தால் எட்டு இணைப்புகள் வரும். ஒவ்வோர் இணைப்பிலும் இரு பக்கமும் அரைக்கால் அங்குலம் கூடுதலாகப் பிடித்துவிட்டால், அந்த வரிசை மற்றதைவிட 2 அங்குலம் குறைந்துவிடும். பார்வைக்குப் படாத பிழை கூடிக் கூடிப் போர்வையைக் கோணலாக்கும். ஆயினும் இது விளங்காத வித்தையன்று. பாத்தி கட்டும்போது கயிறு பிடித்து நேர் பார்ப்பவருக்கு, தொடக்கத்திலேயே அளவைச் சரிபார்க்க வேண்டும் என்பதை எவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

இவ்விடத்தில் எம்மைப் போன்ற ஒரு விவசாய மக்களின் வரலாற்றைக் கூற விரும்புகின்றேன். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த ஓரிடம் உண்டு. ஜீஸ் பென்ட் என்பது அதன் பெயர். அங்கு வாழ்பவர்கள், பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்த கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள். 1932ஆம் ஆண்டு, கடன் கொடுத்திருந்த வணிகர் இறந்ததும், அவர் குடும்பத்தினர் கடனுக்காகக் கலப்பையையும் கால்நடைகளையும் உணவையும்கூட அள்ளிச் சென்றனர். 1962ஆம் ஆண்டு, அம்மக்கள் வாக்குரிமை கோரத் தொடங்கிய வேளையில், மறுகரைக்குச் சென்ற பாதைச் சேவை நிறுத்தப்பட்டது. அது மீண்டும் ஓடியது 2006ஆம் ஆண்டில்தான்.

இத்தனைக்கும் நடுவில் அப்பெண்கள் குளிருக்காகப் போர்வை தைத்தார்கள். கிழிந்த வேலை உடைகள், மாவுச் சாக்குகள், மிஞ்சிய துண்டுகள் ஆகியவையே அவர்களது துணிகள். தாயிடமிருந்தும் அயலவரிடமிருந்தும் பார்த்துப் பழகினார்கள். மிசூரி பெட்வே என்ற பெண், 1942ஆம் ஆண்டு, இறந்துபோன கணவனின் வேலை உடைகளை வெட்டி ஒரு போர்வை தைத்தார். அதன் கோடுகள் நேராக இல்லை. ஆனால் அவரை நினைந்து போர்த்திக்கொள்ள அது போதுமாயிருந்தது. இந்த ஊர்ப் போர்வைகள் 2002ஆம் ஆண்டு ஹியூஸ்டன், நியூயோர்க் நகரங்களின் பெரிய அரும்பொருட் சாலைகளில் கலைப்படைப்புகளாக வைக்கப்பட்டன. 2006இல் அமெரிக்கத் தபால் முத்திரைகளிலும் இடம்பெற்றன. வகுப்பறையில் படித்துத் தைத்தவையல்ல அவை. 'எங்களுக்குச் சரிவராது' என்போருக்கு இதைவிட வேறு பதில் தேவையில்லை.

ஆனால் கதையின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் அது வஞ்சனையாகும். அதே பிரதேசத்தில், வாக்காளராகப் பதிய முயன்ற குடும்பங்கள் பல, குடியிருந்த காணிகளிலிருந்து உடைமையாளர்களால் வெளியேற்றப்பட்டன. அவ்வேளையில் பிரான்சிஸ் வோல்ட்டர் என்ற எப்பிஸ்கோப்பல் சபைக் குருவானவரின் முயற்சியால், 1966ஆம் ஆண்டு, பெண்கள் சேர்ந்து ஒரு தையல் கூட்டுறவு அமைத்தார்கள். போர்வைகள் நியூயோர்க்கில் ஏலத்தில் விற்கப்பட்டன. பெரிய கடைகளிலிருந்தும் கேள்வி வந்தது. அத்துடன் கடினமும் வந்தது. கடைக்காரருக்கு ஒரே அளவு, ஒரே மாதிரி, ஒரே நேர்த்தி வேண்டும். மனம்போனபடி தைத்துப் பழகிய கைகள், அளவு அட்டை வைத்து வெட்டப் பழக வேண்டியதாயிற்று. 1972இலிருந்து நிலையான வருமானம் தந்தது போர்வையல்ல. சியேர்ஸ் நிறுவனத்துக்கென கோர்டுரோய் துணியில் தைத்த தலையணை உறைகளே. 2012ஆம் ஆண்டு அந்தக் கூட்டுறவு மூடப்பட்டது.

எனினும் அவர்கள் செய்த ஒரு காரியத்தை நாம் மறக்கக்கூடாது. உழைத்த பணத்தில் 23 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். அதில் தையல் நிலையம் கட்டியதுடன், வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் சிலவற்றுக்கு வீடமைக்கத் துண்டுகளும் விற்றார்கள். ஊசி அவர்களுக்கு நிலத்துக்கு மாற்றாக அமையவில்லை. நிலத்துக்குத் திரும்பும் வழியாக அமைந்தது.

இதிலிருந்து எமக்கு மூன்று காரியங்கள் தெளிவாகின்றன என்று நினைக்கின்றேன்.

முதலாவது, முதற் போர்வை வீட்டுக்கே உரியது. அதை விற்கவும் வேண்டாம். பிறர் வேலையுடன் ஒப்பிட்டு வெட்கப்படவும் வேண்டாம். பிள்ளை அதன்மேல் படுத்தால் அது வெற்றிதான். ஐந்தாவது ஆறாவது போர்வை வரும்போது விற்பனையைப் பற்றிப் பேசலாம்.

இரண்டாவது, விற்பதென்றால் மணித்தியாலத்தை எழுதி வையுங்கள். கையால் தைக்கும் பெரிய போர்வை பல வாரங்களை விழுங்கும். ஒரு நாட் கூலியை எண்ணிப் பார்க்காமல் விலை சொல்பவர் தன் உழைப்பை இனாமாகக் கொடுக்கிறார். தனித்தனியே விற்றால் வாங்குபவரே விலை வைப்பார். மாதர் சங்கமாகச் சேர்ந்து விற்றால் நாம் வைக்கலாம். பை, தலையணை உறை போன்ற சிறு பொருட்களே விரைவில் பணம் தரும்.

மூன்றாவது, பயிற்சி நடத்துவோருக்கு. ஆறு நாட் பயிற்சியும் ஒரு சான்றிதழும் கொடுத்து, 'வாழ்வாதாரம் வழங்கிவிட்டோம்' என்று அறிக்கை எழுதுவது நியாயமன்று. கமக்காரக் குடும்பத்துக்குத் தேவை அதன் காணியும், விதையும், தண்ணீரும். காணி கேட்கும் பெண்ணின் கையில் ஊசியைக் கொடுத்து வாயை அடைப்பதற்கு இந்த நல்ல தொழில் கருவியாகக் கூடாது. கற்பிப்பதானால் துணிக்கும் சந்தைக்கும் ஓராண்டாவது உடனிருந்து உதவுங்கள்.

ஆகவே, தயங்கி நிற்கும் சகோதரிகளே, தொடங்குங்கள். அடுத்த சங்கக் கூட்டத்துக்கு ஆளுக்கொரு பழைய சேலை கொண்டு வாருங்கள். ஒன்பது துண்டுகள் வெட்டும் நேரத்தில், உங்கள் காணியைப் பற்றி எழுதவேண்டிய கடிதத்தையும் சேர்ந்து பேசித் தீர்மானியுங்கள். இரண்டும் ஒரே பாயில் இருந்து செய்யக்கூடிய வேலைகளே.