பத்திரம் உங்கள் பெயரில் இருக்கட்டும்

எங்கள் ஊர் ஏரி, மதகு, வாய்க்கால்களைப் பற்றிப் பத்து ஆண்டுகளாக பிளாகரில் எழுதி வருகிறேன். அதற்கெனச் சொந்தமாக ஒரு டொமைன் பெயரை ஒருவர் மூலம் வாங்கினேன். அவர் அதைத் தன் மின்னஞ்சலில் பதிந்துவிட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்கள் என்னை எட்டவே இல்லை. பெயர் கைநழுவி, வேறு யாரோ வாங்கிவிட்டார்கள்.

போன மாதம் வேறொரு பெயரை என் பெயரிலேயே வாங்கி, நானே இணைத்தேன். பிளாகர் அமைப்பில் அந்தப் பெயரைக் கொடுத்ததும் இரண்டு சிநேம் (CNAME) பதிவுகளைக் காட்டியது. ஒன்று கூகுளுக்கு வழிகாட்டுவது, மற்றது பெயர் என்னுடையதுதான் என்று உறுதிசெய்வது. பெயர் விற்ற தளத்தின் டிஎன்எஸ் (DNS) பக்கத்தில் இரண்டையும் எழுத்துப் பிசகாமல் ஒட்டினேன். முன்னால் மூன்று 'டபிள்யூ' போடாமல் தேடி வருபவர்களுக்காக நான்கு 'ஏ' பதிவுகளையும் சேர்த்தேன். மறுநாள் காலை பக்கம் திறந்தது. பிளாகர் முதலில் தந்த பழைய முகவரியைத் தட்டியவர்களும் புதிய முகவரிக்கே வந்து சேர்ந்தார்கள்.

வீட்டுப் பத்திரத்தை அடுத்தவர் பெயரில் எழுதுவோமா? டொமைன் பெயரும் அப்படித்தான். இணைக்கும் வேலைக்கு யாரிடம் வேண்டுமானாலும் உதவி கேளுங்கள். பதிவும் கடவுச்சொல்லும் புதுப்பிக்கும் தேதியும் மட்டும் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.