திறன்பேசி எப்போது பழையதாகிறது?

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், கடைகளெல்லாம் தள்ளுபடி விளம்பரங்களால் நிறைந்திருந்த வேளையில், என் திறன்பேசியை மாற்றிவிடுவதென்று முடிவு செய்தேன். அதை வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. காலையில் முழுமையாக மின்னேற்றிக்கொண்டு புறப்பட்டால் நண்பகலுக்குள் தவிக்கத் தொடங்கிவிடும். இருபது விழுக்காடு மின்சாரம் இருப்பதாகக் காட்டியபடியே திடீரென அணைந்துபோகும். ஒருநாள் மருந்துக்கடையில் பணம் செலுத்த அதை நீட்டிய நொடியில் அணைந்தது. பின்னால் நின்றவர்கள் பார்த்த பார்வையில், "இன்னுமா இதை வைத்திருக்கிறீர்கள்?" என்னும் வினா இருந்தது; அல்லது இருந்ததாக நான் எண்ணிக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் இதற்கென ஒரு வழக்கம் உண்டு. புதியது எனக்கு, என்னுடையது அம்மாவுக்கு, அம்மாவிடம் இருப்பது மேசை இழுப்பறைக்கு. பெரும்பாலான வீடுகளில் இதுவே நடைமுறை என நினைக்கிறேன். மூத்தவரின் உடை இளையவருக்கு இறங்கிவருவது முற்கால வழக்கம். திறன்பேசியோ இளையவரிடமிருந்து மூத்தவரிடம் போய்ச் சேர்கிறது. வீட்டிலேயே மிகப் பழைய கருவி, வீட்டிலேயே வயதில் மூத்தவரின் கையில் இருக்கிறது. இதில் பிழை ஏதும் இருப்பதாக அன்றுவரை எனக்குத் தோன்றியதில்லை.

பழையவை நீங்கிப் புதியவை புகுவது இயல்பே என்று பவணந்தி முனிவர் நன்னூலில் கூறியது சொற்களைப் பற்றி. நாமோ அதைப் போகிப் பண்டிகைக்கும் பொருத்திக்கொண்டோம். அண்மைக் காலத்தில் கடைவீதிக்கும் பொருத்திக்கொண்டுவிட்டோம். ஆனால், ஒரு சொல் வழக்கிழப்பதை மக்கள் முடிவு செய்கிறார்கள். ஒரு கருவி வழக்கிழப்பதை யார் முடிவு செய்கிறார்?

மின்கலம் சொன்ன செய்தி

புதியதை வாங்குமுன், பழையதற்கு என்ன நோய் என்று அறிந்துகொள்ளலாமே என்று ரிச்சி தெருவுக்குப் போனேன். சென்னை அண்ணா சாலையை ஒட்டிய அந்தக் குறுகிய தெருவில் மின்னணுப் பொருள்களும் அவற்றின் உதிரிகளும் குவிந்துகிடக்கும். முன்பு ஈயம் பூசுவோரும் அம்மி கொத்துவோரும் குடை தைப்போரும் நம் வாசல்தேடி வந்தார்கள். அவர்களின் வழித்தோன்றல்களை இன்று நாம் தேடிச் செல்ல வேண்டியிருக்கிறது. ஓர் ஆள் மட்டுமே அமரக்கூடிய கடையில் இருந்த இளைஞர், கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் திறன்பேசியைத் திறந்து பார்த்தார். "சார், இதுல ஒரு குறையும் இல்ல. பேட்டரிதான் களைச்சுப் போச்சு" என்றார். களைத்துப்போவது என்பது எத்துணைப் பொருத்தமான சொல் என்பது பின்னர்தான் விளங்கியது.

நம் திறன்பேசிகளில் இருப்பது இலித்தியம் அயனி மின்கலம். அதை உருவாக்கியமைக்காக ஜான் குட்எனஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. மின்னேற்றும்போது இலித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சென்று கிராஃபைட் அடுக்குகளுக்குள் தங்குகின்றன. நாம் பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. இப்படிப் போய்வரும் ஒவ்வொரு முறையும் சிறிதளவு இலித்தியம் கிராஃபைட்டின் மேற்பரப்பில் படலமாகப் படிந்து சிறைப்பட்டுவிடுகிறது. சில நூறு முறை போய்வந்தபின் கொள்ளளவு குறைகிறது, உள்தடை கூடுகிறது. வெப்பம் இந்த முதுமையை விரைவுபடுத்தும். சித்திரை வெயிலில் வண்டியின் முன்பக்கம் திறன்பேசியைப் பொருத்தி வழிபார்த்துச் செல்வோர் இதை நினைவில் கொள்வது நல்லது.

உள்தடை கூடிய மின்கலத்திடம் திடீரென மிகுதியான மின்னோட்டத்தைக் கேட்டால் அதன் மின்னழுத்தம் சட்டெனச் சரியும், கருவி அணைந்துவிடும். என் திறன்பேசி இருபது விழுக்காட்டில் மயங்கி விழுந்ததன் காரணம் அதுதான். 1,200 ரூபாயில் புதிய மின்கலம் பொருத்தப்பட்டது. அன்று இரவு பத்து மணிக்கும் அதில் பாதி மின்சாரம் எஞ்சியிருந்தது. நாற்பதாயிரம் ரூபாய் செலவழிக்க இருந்தவன் நான்.

இது என் ஒருவனின் அனுபவம் மட்டுமன்று. 2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது. மின்கலம் தளர்ந்த பழைய ஐபோன்கள் திடீரென அணைவதைத் தடுப்பதற்காக, அவற்றின் வேகத்தை மென்பொருள்வழிக் குறைத்ததாக அது அறிவித்தது. அணையாமல் காப்பது நோக்கம் என்பதை ஏற்கலாம். ஆனால், வேகம் குறைந்ததன் காரணம் பயன்படுத்துவோருக்குத் தெரிவிக்கப்படவில்லை. கருவியே கிழடாகிவிட்டதென்று எண்ணிப் புதியது வாங்கியவர்கள் எத்தனை பேரோ! இதற்காகப் பிரான்சு 2020இல் அந்நிறுவனத்துக்கு 2.5 கோடி யூரோ தண்டம் விதித்தது. எதிர்ப்பு எழுந்தவுடன் மின்கலம் மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராக அந்நிறுவனம் குறைத்திருந்தது. அதன்பின் நடந்ததுதான் சுவையானது. 2019 ஜனவரியில் முதலீட்டாளர்களுக்கு எழுதிய மடலில், எதிர்பார்த்த அளவுக்குப் பலர் புதிய ஐபோனுக்கு மாறாததன் காரணங்களுள் ஒன்றாக மலிவாகக் கிடைத்த மின்கல மாற்றத்தை அதன் தலைவர் டிம் குக் குறிப்பிட்டார். பழுதுநீக்குவது எளிதானால் மக்கள் தேவையின்றிப் புதியதை வாங்குவதில்லை என்பதற்கு விற்பவரே தரும் சான்று இதைவிட வேறென்ன வேண்டும்?

பொருளின் வாழ்நாளை விற்பவர் வரையறுப்பது புதிதும் அன்று. 1924இல் உலகின் பெரிய மின்விளக்கு நிறுவனங்கள் ஜெனீவாவில் ஃபீபஸ் என்னும் கூட்டமைப்பை ஏற்படுத்தின. குமிழ் விளக்கின் வாழ்நாள் ஆயிரம் மணிநேரம் என வரையறுத்து, அதற்குமேல் உழைக்கும் விளக்கைச் செய்த உறுப்பினருக்குத் தண்டமும் விதித்தன. அமெரிக்காவின் லிவர்மோர் நகரத் தீயணைப்பு நிலையத்திலோ 1901இல் ஏற்றப்பட்ட குமிழ் விளக்கு ஒன்று, மங்கலாகவேனும், ஒரு நூற்றாண்டைக் கடந்தும் ஒளிர்ந்துவருகிறது.

அம்மாவின் திறன்பேசி

மின்கலம் மாற்றியதோடு இக்கட்டுரை முடிந்திருக்க வேண்டும். பழையதைப் போற்றுங்கள் என்று சொல்லிவிட்டு நான் மகிழ்ச்சியாக இருந்திருப்பேன். அந்த மகிழ்ச்சியில்தான் அம்மாவின் திறன்பேசியை எடுத்து அதற்கும் மின்கலம் மாற்றலாமா என்று பார்த்தேன்.

அது எட்டு ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கியது. திரை தெளிவாக இருந்தது. ஒலி குறையவில்லை. 'அமைப்புகள்' பகுதிக்குள் பாதுகாப்புப் புதுப்பிப்பு கடைசியாக வந்த நாளைக் காட்டும் வரி ஒன்று உண்டு; நம்மில் பலர் திறந்தே பார்த்திராத வரி. அம்மாவின் கருவியில் அந்த நாள் ஐந்து ஆண்டுகளுக்கு முற்பட்டதாக இருந்தது. என் அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. முழங்கால் வலியால் வங்கிக்கு நடக்க இயலாது. அப்பாவின் மறைவுக்குப்பின் வரும் குடும்ப ஓய்வூதியத்தை, பேத்தி கற்றுக்கொடுத்தபடி, அந்தத் திறன்பேசியில்தான் பார்க்கிறார். மின்கட்டணமும் அதில்தான் செலுத்துகிறார். பூட்டு துருப்பிடித்த பெட்டியில் நகையை வைத்துவிட்டு, பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது என்று ஐந்து ஆண்டுகளாக நாங்கள் சொல்லிவந்திருக்கிறோம்.

பாதுகாப்புப் புதுப்பிப்பு என்பது புதுப்புது அழகுகளைச் சேர்ப்பதன்று. எந்த மென்பொருளிலும் எழுதியவர் கண்ணுக்குத் தப்பிய ஓட்டைகள் இருக்கும். அவை தெரியவரும்போதெல்லாம் அடைக்கப்பட வேண்டும். 2015இல் ஆண்ட்ராய்டு இயங்குதளத்தில் 'ஸ்டேஜ்ஃபிரைட்' எனப்பட்ட ஓட்டை வெளிப்பட்டது. தீய நோக்கில் அனுப்பப்பட்ட ஒரு பல்லூடகச் செய்தி, பெற்றவர் திறந்து பார்க்காத நிலையிலும், கருவிக்குள் நுழைய அது வழிசெய்தது. அதன்பிறகே மாதந்தோறும் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை வெளியிடும் முறையைக் கூகுள் தொடங்கியது. ஓட்டை அறிவிக்கப்பட்டு, பிறருக்கெல்லாம் அடைக்கப்பட்டு, ஒருவருக்கு மட்டும் அடைபடாமல் இருந்தால் அவருடைய நிலை முன்னைவிட மோசமாகிறது. ஏனெனில், எங்கே நுழையலாம் என்பது இப்போது ஊரறிந்த செய்தி. செயலிகளும் ஒரு கட்டத்தில் கைவிட்டுவிடுகின்றன. 2025 தொடக்கத்தில் வாட்ஸ்அப் ஆண்ட்ராய்டு 4.4 பதிப்பில் இயங்குவதை நிறுத்திக்கொண்டது.

தொலைபேசியில் அழைத்து அதிகாரிபோல் மிரட்டிப் பணம்பறிப்போரை எந்தப் புதுப்பிப்பும் தடுக்காது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அதற்கு நம் நிதானமும், ஏமாந்தால் உடனே அழைக்க வேண்டிய 1930 என்னும் எண்ணும்தான் துணை. ஆனாலும், திறந்துகிடக்கும் கதவை மூடாமல் விடுவதற்கு இது ஒரு காரணம் ஆகாது.

ஆக, திறன்பேசி முதுமையடைவது நாம் நினைக்கும் இடத்தில் இல்லை. அடுத்த மாதிரி கடைக்கு வந்துவிட்டதால் அது பழையதாவதில்லை. நிழற்படக் கருவியில் இன்னொரு கண் கூடியதாலும் இல்லை. 2022 அக்டோபர் முதல் நாளன்று நம் நாட்டில் ஐந்தாம் தலைமுறை அலைவரிசைச் சேவை தொடங்கியபோது, அதற்காகவே கருவியை மாற்றிய நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் அன்றும் இன்றும் பார்ப்பது அதே காணொளிகளைத்தான். மின்கலம் தளர்ந்தால் மாற்றலாம். திரை உடைந்தாலும் மாற்றலாம். பாதுகாப்பு நின்றுபோனால் மட்டும் ரிச்சி தெரு இளைஞராலும் ஒன்றும் செய்ய இயலாது. நன்றாக இயங்கும் கருவி, செய்தவர் கைவிட்டதாலேயே இறந்துபோகிறது. எனக்குச் சினம் எழுவது இந்த இடத்தில்தான்.

அந்த நாள் வாங்குபவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டுமா இல்லையா? கூகுள் 2023 அக்டோபரில் பிக்சல் 8 வரிசைக்கும், சாம்சங் 2024 ஜனவரியில் கேலக்சி எஸ் 24 வரிசைக்கும் ஏழு ஆண்டுகள் புதுப்பிப்பு வழங்குவதாக அறிவித்தன. அப்படியானால் அது செய்யக்கூடியதே. ஆனால் நம்மில் பலர் வாங்குவது அத்தகைய உயர்விலைக் கருவிகளை அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. ஒரு திறன்பேசி மாதிரியின் விற்பனை முடிந்த நாளிலிருந்து குறைந்தது 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிப்பு வழங்க வேண்டும். 7 ஆண்டுகளுக்கு உதிரிப் பாகங்கள் கிடைக்க வேண்டும். மின்கலம் 800 மின்னேற்றச் சுழற்சிகளுக்குப் பின்னும் 80 விழுக்காடு கொள்ளளவுடன் இருக்க வேண்டும். இந்திய நுகர்வோர் நலத்துறையும் 2022 ஜூலையில் பழுதுநீக்கும் உரிமை குறித்து ஆராயக் குழு அமைத்தது; அதற்கென இணையவாசலும் திறக்கப்பட்டது. நல்ல தொடக்கம். இருப்பினும், இணையவாசல் தகவல் தரும், சட்டமே கடமையாக்கும். நமக்குத் தேவை இரண்டாவது.

கடையில் நம்மிடம் முதலில் கேட்கப்படுவது, "தவணையில் எடுத்துக்கொள்கிறீர்களா?" என்பதே. வட்டியில்லாத் தவணை என்ற ஒன்று உண்மையில் இல்லை, வட்டி வேறு பெயரில் மறைந்திருக்கிறது என்று இந்திய ரிசர்வ் வங்கி 2013இலேயே வங்கிகளை எச்சரித்தது. பன்னிரண்டு தவணைகளை எண்ணிப் பார்க்கிறோம். எத்தனை ஆண்டுகளுக்கு இது பாதுகாப்பானது என்று எண்ணுவதில்லை. இரண்டு ஆண்டுகளில் பாதுகாப்பு நின்றுபோகும் பன்னிரண்டாயிரம் ரூபாய்க் கருவியைவிட, ஆறு ஆண்டுகள் காக்கப்படும் பதினெட்டாயிரம் ரூபாய்க் கருவி மலிவானது. ஆண்டுக்கு ஆறாயிரம் எங்கே, மூவாயிரம் எங்கே!

இழுப்பறையைப் பற்றியும் ஒரு சொல். 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்ததாகவும், அதில் 22.3 விழுக்காடே முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகவும் ஐக்கிய நாடுகள் அவையின் அமைப்புகள் 2024இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. என் இழுப்பறையில் மூன்று கிடந்தன. போகித் தீயில் இடக்கூடாதவை அவை, குப்பைத்தொட்டியிலும் இடக்கூடாதவை. மறுசுழற்சி செய்வோரிடம் கொடுத்துவிட்டேன்.

இறுதியில் எங்கள் வீட்டு வழக்கம் தலைகீழானது. என் கருவிக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் பாதுகாப்பு உண்டென்று செய்த நிறுவனத்தின் பக்கத்தில் உறுதிசெய்துகொண்டேன். புதிய மின்கலத்தோடு அது என்னிடமே இருக்கிறது. புதியது அம்மாவுக்கு. கடையில் இருந்த பணியாளரிடம், புதுப்பிப்பு எந்த ஆண்டுவரை வரும் என்று கேட்டேன். நிழற்படக் கருவியின் திறனை ஒரே மூச்சில் ஒப்பித்தவர், இதற்கு மேலாளரை அழைத்தார். மேலாளர் நிறுவனத்தின் இணையப் பக்கத்தைத் தேடியெடுத்துத்தான் விடை சொன்னார்.

"எனக்கெதற்குப் புதுசு? நீ வைத்துக்கொள், பழையதை எனக்குக் கொடு" என்று வழக்கம்போல் சொன்னார் அம்மா. காரணத்தை விளக்கினேன். பெட்டியின் உள்மூடியில் நான் எழுதிவைத்திருந்த ஆண்டைக் கண்ணாடியை உயர்த்திப் படித்துப் பார்த்தார்.

"மாத்திரை அட்டையில் போட்டிருக்குமே, அந்தத் தேதி மாதிரியா இது?"

"ஆமாம், அம்மா."

"அப்படியென்றால் இதை நீ ஏன் எழுதினாய்? அவர்கள் அல்லவா அச்சடித்துக் கொடுத்திருக்க வேண்டும்?"