படிக்காவிட்டால் பட்டறையா?



“ஒழுங்காகப் படிக்காவிட்டால் பட்டறைக்குத்தான் போவாய்!” பெற்றோர் சந்திப்பு நாளில் இந்தச் சொற்களை நான் கேட்காத ஆண்டில்லை. அவற்றுக்கு மறுமொழி கூறியது என் பழைய டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்.

அதன் பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கின் ரப்பர் புஷ்களைப் பூச்சோங்கில் ஒரு பட்டறையில் மாற்றினேன். சில மாதங்களிலேயே அவை கிழிந்தன. வேறொரு பட்டறையில் முதியவர் ஒருவர் கழற்றிப் பார்த்தார். “ரப்பர் நல்லதுதான் சார். வண்டியைத் தூக்கி வைத்தபடியே போல்ட்டை முறுக்கியிருக்கிறார்கள்” என்றார்.

அவர் தந்த விளக்கம் ஓர் அறிவியல் பாடம். புஷ்ஷின் நடுவில் இரும்புக் குழல், சுற்றிலும் ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் குழல் அசையாமல் பிடிபடும். பின்னர் ஸ்பிரிங் அசையும்போதெல்லாம் ரப்பரே முறுகி இடங்கொடுக்கிறது. சக்கரங்கள் தொங்கும்போது இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியவுடன் ரப்பர் முறுகியே நிற்கும். சாலைப் பள்ளங்களில் மேலும் முறுகிக் கிழியும். ஆகவே போல்ட்டுகளைக் கையளவில் பூட்டி, சக்கரங்களைத் தரையில் இறக்கி, பின்பக்கத்தைச் சிலமுறை அழுத்திக் குலுக்கியபின், வண்டி தன் எடையில் நிற்கும்போதுதான் முழுமையாக இறுக்க வேண்டும்.

அச்சையும் ஸ்பிரிங்கையும் பிணைக்கும் யூ போல்ட்டுகளுக்கு வேறொரு முறை. நான்கு நட்டுகளையும் குறுக்கு மறுக்காக, சிறிது சிறிதாக, சமமாக இறுக்க வேண்டும். ஒன்றை முழுவதும் முறுக்கிவிட்டு அடுத்ததற்குச் சென்றால் தகடு சாய்ந்து அமரும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் சரிபார்க்க வேண்டும். அவை தளர்ந்தால் அச்சே இடம் பெயரலாம், உயிருக்கே ஆபத்து.

எவ்வளவு இறுக்குவது? கைப்பலம் அளவுகோலன்று. தயாரிப்பாளரின் கையேடு கூறும் அளவை டார்க் ரெஞ்ச் கொண்டு வைக்க வேண்டும். அரை மீட்டர்க் கைப்பிடியின் நுனியில் 200 நியூட்டன் விசை தந்தால் 100 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. மிகுந்தால் போல்ட் நீண்டு வலுவிழக்கும், குறைந்தால் தளரும். பெருக்கல் தெரியாதவனுக்கா இந்த வேலை?

முதற்பட்டறையின் இளைஞரிடம் வலிமையும் இருந்தது, உழைப்பும் இருந்தது. ‘ஏன்’ என்பதை மட்டும் எவரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. அதைச் சொல்லித் தர வேண்டியவர்கள் ஆசிரியர்களாகிய நாம் அல்லவா? வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடவேளையைத் தேர்வுப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை முதலில் நாம் கைவிட வேண்டும். ஒரு ஸ்பானரும் நட்டும் போல்ட்டும் இருந்தால் வகுப்பிலேயே தொடங்கலாம்.

நம் பாட்டன்மார் பால்மரம் சீவிய தோட்டங்கள் நிறைந்திருந்த ஊர் இது. அந்த ரப்பர் எப்போது தாங்கும், எப்போது கிழியும் என்பதைப் பேரப்பிள்ளைகள் அறிந்துகொள்வதில் என்ன இழிவு?

பெற்றோர்களே, பட்டறையைத் தண்டனையாகக் காட்டாதீர்கள். படிக்காதவன் போகும் இடமன்று அது. நன்கு படித்துவிட்டுப் போக வேண்டிய இடம்.

சிந்திப்போம்.