கல்லைச் சுமந்து நடந்தவர்கள்

ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து நேயர்கள் பூண்டி ஏரியை அறிவார்கள். அதற்கு அப்பால் கொசஸ்தலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம் என்றொரு சிற்றூர் இருக்கிறது. பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் பூட் 1863 மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங் என்பவருடன் அத்திரம்பாக்கம் சென்றபோது, அவ்விதக் கற்கள் அங்கே ஏராளமாய்க் கிடைத்தன.

1999 முதல் சாந்தி பப்பு அம்மையாரும் குமார் அகிலேஷும் அவ்விடத்தை முறைப்படி அகழ்ந்தார்கள். புதையுண்ட கல்லில் விண்கதிர்கள் விட்டுச்சென்ற தடயம் எவ்வளவு தேய்ந்திருக்கிறதென்று அளந்து, அடி மண்ணிலுள்ள கருவிகளுக்கு ஏறக்குறைய 15 லட்சம் வயது என்று 2011-இல் வெளியிட்டார்கள். நம் இனமே தோன்றியிராத காலம் அது!

வயதைவிட எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. கருவிகள் கிடந்தது வெறும் களிமண். அதில் இயற்கையாய்க் கல் கிடையாது. பெரிய சில்லுகள் இருக்கின்றன. அவற்றைப் பெயர்த்தெடுத்த தாய்க்கல்லைக் காணோம். கூடத்தில் பலாச்சுளை இருந்து, மட்டையும் சடையும் எங்குமே இல்லாவிட்டால், பழத்தை வேறெங்கோ பிளந்தார்கள் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும் அல்லவா? அல்லிக்குழி மலைப் பக்கத்தில் படிகப்பாறை உருளைகள் உண்டு. அத்தகைய இடத்தில் கல்லை உடைத்து, வேண்டியதை மட்டும் சுமந்து வந்திருக்கிறார்கள். நாளைய தேவையை இன்றே நினைத்தவன்தான் அப்படிச் சுமப்பான்.

அப்படியானால் அது சேமக் கிடங்கா? கிழக்கு ஆப்பிரிக்காவின் ஓல்டுவாய் பள்ளத்தாக்கைப் பற்றி ரிச்சர்டு பாட்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 1980-களில் ஒரு யுக்தி சொன்னார்: ஆதி மாந்தர் திரியும் வழியில் அங்கங்கே கல்லைப் போட்டு வைத்தார்கள், இறைச்சி கிடைத்ததும் கிட்டே இருந்த குவியலுக்குத் தூக்கிச் சென்றார்கள். அழகான யோசனைதான். ஆனால் குவிந்து கிடப்பதெல்லாம் சேமிப்பாகிவிடாது. வேலை முடிந்து எறிந்துவிட்டுப் போனதும் குவியும். அத்திரம்பாக்கத்தைக் கிடங்கு என்பதைக் காட்டிலும், திரும்பத் திரும்ப வந்து தங்கிய துறை என்பதே பொருத்தமாய்த் தோன்றுகிறது. 3,85,000 முதல் 1,72,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட வேறு வகைக் கருவிகளும் அங்கேயே மேல் மண்ணில் இருப்பது 2018-இல் வெளியாயிற்று.

இவ்வளவும் தெரிந்தது எந்தக் கல் எந்த மண்ணில், எதன் அருகே கிடந்தது என்பதைக் குறித்து வைத்ததால்தான். சரளைக்காக ஒரு மேட்டை வெட்டினாலும், விளையாட்டாய் ஒரு கல்லைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாலும் அந்தச் சாட்சியம் போயிற்று. பார்க்க ஆசையுள்ளவர்களுக்குப் பூண்டியிலேயே தொல்பொருள் துறையின் காட்சிசாலை இருக்கிறது.