பென்சிலில் ஒரு பாத்தியதை

நாடகத்தில் ஒரு கஷ்டம். திரை விழுந்ததும் சரக்கு காலி. சினிமா என்றால் பெட்டி இருக்கிறது, மறுபடி ஓட்டலாம். நாடகத்துக்கு மிஞ்சுவது கொஞ்சம் காகிதம்தான். டிக்கெட் கணக்கு, நோட்டீஸ், உடுப்பு தைத்த பில், எந்த வசனத்துக்கு எந்த விளக்கை அணைக்க வேண்டும் என்று ஸ்டேஜ் மானேஜர் ஓரத்தில் கிறுக்கி வைத்த பிரதி. ஆயுத பூஜைக்கு ஆபீஸைச் சுத்தம் செய்யும்போது பழைய பேப்பர்காரரிடம் முதலில் போகிற ரகம்.

அயர்லாந்தில் இந்த ரகத்தைப் பல்கலைக்கழக நூலகத்தில் பத்திரப்படுத்துகிறார்கள். அதற்கென்று தனி அறை, தனி ஆட்கள், சத்தம் போடாத நாற்காலிகள்.

ஆடிட் பண்ணுகிற நண்பன் ஒருவனிடம் இதைச் சொன்னேன். "எத்தனை வருஷத்து வவுச்சர்டா?" என்றான். நூறு வருஷத்துக்கு மேல். ஆள் ஒரு நிமிஷம் பேசவில்லை.

நானும் பி.காம்.தான். நாடகம் என்றதும் எனக்கு வருகிற முதல் கேள்வி, பணம் யார் போட்டது? டப்ளினில் அபி தியேட்டர் 1904 டிசம்பர் 27-ல் திறந்தது. கவிஞர் யேட்ஸும் லேடி கிரகரியும் முன்னால் நின்றார்கள். பணம் போட்டது ஆனி ஹார்னிமன் என்ற இங்கிலாந்து சீமாட்டி. தேயிலை வியாபாரத்தில் வந்த குடும்பச் சொத்து. இடம்? ஒரு பழைய தியேட்டரும் அதை ஒட்டி ஒரு காலத்தில் பிணவறையாக இருந்த கட்டடமும். வாஸ்து பார்க்கிறவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை போலிருக்கிறது. (நம்ம தாகூரின் 'தபால் ஆபீஸ்' 1913-ல் ஆங்கிலத்தில் மேடையேறியது இதே அபியில்தான். தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், க்விஸ்ஸில் கேட்பார்கள்.)

1910 மே மாதம் ஏழாம் எட்வர்ட் மன்னர் போய்ச் சேர்ந்தார். மற்ற தியேட்டர்கள் மூடின. அபியின் மானேஜர் லெனக்ஸ் ராபின்சன், என்ன செய்ய என்று லேடி கிரகரிக்குத் தந்தி அடித்தார். மூடு என்று பதில் வருவதற்குள் நாடகம் ஆரம்பமாகிவிட்டது. ஹார்னிமன் அம்மாளுக்கு மகா கோபம். மன்னிப்புக் கேள் என்றார். கடைசியில் அந்த உறவே முறிந்தது. ஒரு தந்தி லேட்டானதில் ஒரு ஸ்பான்ஸர் போனார்! அப்புறம் தள்ளாடித் தள்ளாடி ஓட்டி, 1925-ல் புதிய அயர்லாந்து அரசு வருஷத்துக்கு 850 பவுண்டு கொடுக்க முன்வந்தது. ஆங்கிலம் பேசும் உலகில் அரசாங்கப் பணம் வாங்கிய முதல் தியேட்டர் என்று பெயர். இந்த மாதிரி சண்டை சமாதானமெல்லாம் நாடகப் பிரதியில் இருக்காது. தந்தியிலும் கடிதத்திலும் மினிட்ஸ் புத்தகத்திலும்தான் தேட வேண்டும்.

அந்தப் புத்தகங்கள் தப்பியதே புண்ணியம்.

1951 ஜூலை 17 இரவு அபியில் ஷான் ஓ'கேஸியின் 'தி ப்ளவ் அண்ட் தி ஸ்டார்ஸ்'. 1916 கலகத்தைப் பற்றிய நாடகம். கடைசிக் காட்சியில் ஜன்னலுக்கு வெளியே டப்ளின் எரியும். உள்ளே இரண்டு சிப்பாய்கள் வீட்டு அடுப்பை அணையவிடாதே என்கிற அர்த்தத்தில் ஒரு பாட்டுப் பாடுவார்கள். திரை விழுந்து, ஜனங்கள் வீட்டுக்குப் போய், விடிவதற்குள் தியேட்டரே எரிந்துவிட்டது. சிறுகதையில் இப்படி எழுதினால் எடிட்டர் சிவப்புப் பேனாவால் அடித்துவிடுவார். புதுக் கட்டடம் திறந்தது 1966-ல், அதே ஜூலை 18. நடுவில் 15 வருஷம் வேறொரு தியேட்டரில் வாசம்.

ஆக, தியேட்டர் என்பது காகிதத்தை வைக்கிற இடமில்லை. துணி, மரம், பெயின்ட், சூடான விளக்கு... வேறென்ன வேண்டும்?

2012-ல் கால்வே பல்கலைக்கழகம் அபியோடு ஒப்பந்தம் போட்டது. டப்ளின் கிழக்குக் கரை, கால்வே மேற்குக் கரை. நாட்டுக்குக் குறுக்கே அந்தக் கோடி. ஸ்கேன் பண்ண ஆரம்பித்தால் சாமான்யத்தில் முடியவில்லை, வருஷக்கணக்கில் போயிற்று. பத்து லட்சம் பக்கங்களுக்கு மேல். பிரதிகள், போஸ்டர்கள், உடை டிசைன், செட் படம், பத்திரிகைத் துணுக்கு, ஒலிநாடா, வீடியோ. இவ்வளவும் கம்ப்யூட்டரில் இருக்கிறதே, நம் ஊரிலிருந்தே பார்த்துவிடலாம் என்று உட்காராதீர்கள். காப்பிரைட் இருப்பதால் பெரும்பாலானவற்றைக் கால்வே நூலகத்தின் வாசிப்பறைக்கே போய்த்தான் பார்க்க வேண்டும். எனக்கு இதில் வருத்தம்தான். ஆனால் உயிரோடு இருக்கிற எழுத்தாளருக்கு ராயல்டி போகாமல் நாம் ஓசியில் படிக்கவும் முடியாதே.

அதே நூலகத்தில் ட்ரூயிட் தியேட்டரின் காகிதங்களும் இருக்கின்றன. 1975-ல் அந்தப் பல்கலைக்கழகத்தின் நாடக சங்கத்தில் பழகியவர்கள் ஆரம்பித்த குழு. அவர்களில் ஒருவரான கேரி ஹைன்ஸ் 1998-ல் டைரக்‌ஷனுக்கு டோனி விருது வாங்கினார். அந்த விருதை வாங்கிய முதல் பெண்களில் அவரும் ஒருவர். தன் பழைய மாணவியின் நோட்டீஸை ஒரு காலேஜ் பெட்டியில் போட்டுக் காப்பாற்றுகிறது. நம் காலேஜ் நாடகத்தின் நோட்டீஸ் எங்கே என்று யோசித்துப் பார்த்தேன், வேண்டாம்.

காகிதத்துக்கு ஒரு குணம், முகதாட்சண்யம் கிடையாது. டப்ளினில் கேட் தியேட்டரை 1928-ல் தொடங்கிய இருவரில் ஒருவர் மிஹால் மக்லியமோர். கார்க் நகரில் பிறந்த அசல் ஐரிஷ்காரர் என்று ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டவர், ஐரிஷில் எழுதினார், பேசினார். ஆள் லண்டனில் பிறந்த ஆல்ஃபிரட் வில்மோர்! சின்ன வயதில் அந்தப் பெயரில்தான் லண்டன் மேடையில் நடித்தார். அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் கேட் தியேட்டரின் காகிதங்களை வைத்திருக்கிறது. நடிகன் வாழ்க்கையிலும் நடித்தால் என்ன குறைந்துவிட்டது என்பது என் கட்சி.

லேடி கிரகரி சமாசாரத்தில் நான் அப்படிப் பெருந்தன்மையாக இருக்க மாட்டேன். 1902-ல் 'கேத்லீன் நி ஹூலிஹன்' என்ற நாடகம் டப்ளினை உலுக்கியது. ஒரு குடியானவன் வீட்டில் கல்யாண ஏற்பாடு நடக்கிறது. கிழவி ஒருத்தி உள்ளே வருகிறாள். அவள்தான் அயர்லாந்து. மாப்பிள்ளை கல்யாணத்தை விட்டுவிட்டுச் சண்டைக்குப் போகிறான். ஆசிரியர் யேட்ஸ் என்று அச்சாயிற்று. வசனத்துக்கு உதவினார் என்று கிரகரிக்கு ஒரு நன்றி. அவ்வளவுதான். அந்த நன்றியோடு பல பத்தாண்டுகள் ஓடின.

கையெழுத்துப் பிரதி நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது. கிரகரியின் கையெழுத்து. ஆரம்பப் பகுதியில், அந்தக் குடியானவன் வீட்டுப் பேச்சு முழுவதற்கும், இது என்னுடையது மட்டுமே என்கிற அர்த்தத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு. யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. பேப்பரில் எழுதிவிட்டு மூடி வைத்திருக்கிறார். ஆராய்ச்சியாளர் ஜேம்ஸ் பெத்திகா 1988-ல் இதை எடுத்துப் போட்ட பிறகு, நாடகத்தை இருவர் பெயரிலும் சொல்ல ஆரம்பித்தார்கள். அந்த அம்மாள் 1932-லேயே காலமாகிவிட்டார்.

சும்மா பழங்கதை என்று நினைக்காதீர்கள். 2015 அக்டோபரில் அபி, 1916 கலகத்தின் நூற்றாண்டுக்காக நாடகப் பட்டியல் போட்டது. பத்து நாடகம், பெண் எழுதியது ஒன்றே ஒன்று. பெண் ஸ்தாபகராக இருந்த தியேட்டரில்! பெண் கலைஞர்கள் கொதித்தார்கள், அடுத்த மாதமே அபி மேடையில் ஏறி ஒவ்வொருவராகப் பேசினார்கள். கோபப்பட்டதோடு நிற்காமல், அரசுப் பணம் வாங்குகிற பெரிய குழுக்களில் பத்து வருஷம் யார் எழுதினார், யார் இயக்கினார், யார் விளக்குப் போட்டார் என்று எண்ணி, 2017-ல் அறிக்கையாகவே வெளியிட்டார்கள். இதைத்தான் எங்கள் ஊரில் ஆடிட் என்போம். அந்த இயக்கத்தின் காகிதங்களும் இப்போது டப்ளின் தேசிய நூலகத்துக்குப் போய்விட்டன.